வறுமை புதுமைக்குத் தாயாகுமோ?

சென்ற கோடை விடுமுறையில் யான் என் ஊராகிய தங்கச்சிமடத்திற்குச் சென்றிருந்தேன். அது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குட் செல்லலாகாது. கரையெங்கும் சுத்தியல் ஓசை. வலை பழுது பார்ப்போர் பேச்சு. அக்காட்சியைத் தூரத்திலிருந்து காண்போர், 'தொழில் நின்ற காலமே படகு புதுமை பெறும் காலம்' என்று எளிதிற் கூறிவிடுவர். அருகிற் சென்று நோக்கியபோது எனக்கு வேறொன்று புலப்பட்டது. கையிற் சேமிப்புடையவர் பலகை மாற்றினர். எஞ்சினை இறக்கிச் செப்பனிட்டனர். கடன்பட்டவரோ ஓட்டையை அடைத்துச் சாயம் பூசியதோடு அமைந்தனர். கூலிக்குப் படகேறுவோர் பலர், அரசினர் தரும் நிவாரணத் தொகை போதாமையால், அயலூர்க்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டனர்.

இதனை ஈண்டுக் கூறுதற்குக் காரணம் உண்டு. நம் விடுதியில் வீடியோ விளையாட்டுக்களைப் பற்றி ஒருநாள் இரவு நிகழ்ந்த சொற்போரில் நண்பரொருவர், "பொருளாதார மந்தம் வந்தாலன்றி நல்ல ஆட்டங்கள் பிறவா, பணம் மிகுந்தால் பழையதையே அரைப்பார்கள்" என்று வாதித்தார். பலர் கைதட்டினர். யான் அன்று விடை கூற மாட்டாது நின்றேன். இப்போது கூறுகின்றேன்.

நண்பர் காட்டிய முதற் சான்று 1983ஆம் ஆண்டின் வீழ்ச்சி. அமெரிக்க நாட்டில் ஆண்டொன்றுக்கு 300 கோடி டாலருக்கு மேல் நடந்த வீட்டு வீடியோ விளையாட்டு வாணிகம், 1985க்குள் 10 கோடி டாலர் அளவிற்குச் சுருங்கியது என்பர். அதன் பின்னரே ஜப்பானிய நின்டெண்டோ கம்பெனியார் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' என்னும் ஆட்டத்தோடு அங்கே புகுந்தனர். உண்மையே. ஆயினும் காரணமும் காரியமும் இங்கே தலைகீழாய் வைக்கப்பட்டன. மந்தம் வந்து தரம் உயர்ந்ததன்று. தரம் கெட்டமையால் மந்தம் வந்தது. அட்டாரி கம்பெனியார் 1982ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் விற்பனையைக் கருதி, 'ஈ.டி.' என்னும் ஆட்டத்தை ஒரே நிரலாளரைக்கொண்டு ஏறத்தாழ ஐந்து வாரத்திற் செய்வித்தனர். விலைபோகாது தேங்கிய சரக்கை அடுத்த ஆண்டு நியூ மெக்சிகோவிற் குழிதோண்டிப் புதைத்தனர். நின்டெண்டோவின் கருவியோ, அவ்வீழ்ச்சி தீண்டாத ஜப்பானில், 1983லேயே விற்பனைக்கு வந்து வேரூன்றியிருந்தது.

இரண்டாவது சான்று வலிமையுடையது. 2008ஆம் ஆண்டின் பெருமந்தத்தை அடுத்து, 2011இல் அமெரிக்காவிற் பட்டம் பெற்ற எரிக் பரோன் என்பார்க்கு வேலை கிடைக்கவில்லை. அவர் வீட்டிலிருந்தபடியே உழவுத்தொழில் பற்றிய ஓர் ஆட்டத்தைத் தனியொருவராய் இயற்றினார். படமும் இசையும் கதையும் நிரலும் அவருடையனவே. 2016இல் வெளிவந்த அந்த 'ஸ்டார்டியூ வேலி' 2024க்குள் 4 கோடிப் படிகளுக்கு மேல் விற்றது. வறுமை ஈன்ற மகவு என்று இதனைக் கூறலாமன்றோ? கூறுமுன், அந்நாலரை ஆண்டும் அவர் உண்டது யாருடைய சோறு என்று வினவுதல் வேண்டும். உடன் வாழ்ந்த பெண்மணியின் ஊதியமும், நாடகக் கொட்டகையில் இருக்கை காட்டும் பகுதிநேர வேலையும் அவரைத் தாங்கின. 2009இல் 'மைன்கிராஃப்ட்' ஆட்டத்தைத் தொடங்கிய மார்க்கஸ் பெர்சன் வேறோர் உத்தியோகத்தில் இருந்துகொண்டே அதனை வளர்த்தார். 1984இல் 'டெட்ரிஸ்' ஆட்டத்தை அமைத்த அலெக்ஸி பஜித்னோவ் மாஸ்கோவில் விஞ்ஞானக் கழகத்தின் சம்பளம் பெற்ற ஆராய்ச்சியாளர். மூவரில் ஒருவரும் பட்டினி கிடந்து படைத்தாரல்லர்.

மந்தம் மெய்யாகவே செய்வது யாது? பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டுள் அடைபட்ட மக்கள் ஆட்டங்களை மிகுதியாய் வாங்கினர்; கடனுக்கு வட்டியும் குறைவு; கம்பெனிகள் ஆட்களைக் குவித்தன. 2022 முதல் வட்டி ஏறியது. 2023, 2024 ஆகிய ஈராண்டிலும் ஆண்டுக்குப் பதினாயிரத்திற்கு மேற்பட்டோர் உலகெங்கும் இத்தொழிலில் வேலையிழந்தனர். 20 கோடி டாலருக்கு மேல் விழுங்கும் ஆட்டத்தைச் செய்வோர் அஞ்சுங்காலத்தில் புதியதை நாடார். முன்பு விற்றதற்கே இரண்டாம் பாகமும் மூன்றாம் பாகமும் எழுப்புவர். இசைக்கு இயையப் போர்புரியும் 'ஹை-ஃபை ரஷ்' என்னும் புதுவகை ஆட்டத்தை 2023இல் தந்து பரிசுகள் பெற்ற டோக்கியோ நிலையத்தையே, உடைமையாளராகிய மைக்ரோசாஃப்ட் கம்பெனியார் 2024 மே மாதத்தில் மூடுவதாக அறிவித்தனர். பிறிதொரு கம்பெனியார் வாங்கியமையால் அது பிழைத்தது.

அவ்வாண்டிலேதான் நாம் பெருமை கொள்ளத்தக்க ஒன்றும் நிகழ்ந்தது. கனடா நாட்டு டொராண்டோ நகரின் 'விசை' என்னும் சிறு நிலையத்தார் 2023 ஜூலையில் 'வெண்பா' என்னும் ஆட்டத்தை வெளியிட்டனர். (யாப்பிலக்கணத்திற்கு அஞ்சும் என் வகுப்பினர் இப்பெயர் கேட்டுத் துணுக்குற வேண்டா!) புலம்பெயர்ந்த தமிழ்த் தாயொருத்தி, கிழிந்து மங்கிய சமையற் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு, இட்டலியும் புட்டும் சமைக்கும் முறையை மீட்டறிகின்றாள், ஆடுவோரும் அவளோடு சேர்ந்து அறிகின்றனர். ஓரிரு மணி நேரத்தில் முடியும் ஆட்டம். 2024இல் பிரிட்டிஷ் பாஃப்டா கழகத்தார் முதற்படைப்பிற்குரிய பரிசை இதற்கு அளித்தனர். மந்தத்தின் நடுவே வெளிவந்தது மெய். தொடங்கியதோ மந்தத்திற்கு முன்னர். இவ்வாண்டு உண்ணும் நெல் சென்ற ஆண்டு விதைத்தது. 2024இல் விதையாது விட்டவை எவையென்று இனி வரும் ஆண்டுகளிலேதான் காண்போம். அன்றி, இல்லாததை யார் காண்பார்?

விதையாது கிடக்கும் ஒன்றை யான் அறிவேன். என் தமையனார் சென்னையில் ஒரு நிலையத்தில் ஆட்டங்களுக்குப் படம் எழுதிவந்தார், 2024இல் வேலையிழந்தார். பாய்மர வள்ளமொன்று பாம்பன் கால்வாயைக் கடந்து செல்லும் ஆட்டமொன்றைத் தாமே இயற்றவேண்டுமென்று நீரோட்டங்களையும் காற்றின் பெயர்களையும் எங்கள் தந்தையாரிடம் கேட்டுக் கேட்டுக் குறித்து வைத்திருந்தார். இப்போது மண்டபத்தில் ஐஸ் கம்பெனியொன்றிற் கணக்கெழுதுகின்றார். மாலையில் வீடு திரும்பியதும் உறங்கிவிடுகின்றார். அக்குறிப்பேட்டை அவர் திறந்து நெடுநாளாயிற்று. ஓய்வு கிடைத்ததே, ஏன் எழுதவில்லை என்று அவரைக் கேட்க எனக்கு நா எழவில்லை.

சிறுபாணாற்றுப்படையிற் பாணன் மனைவி உப்பின்றிக் கீரை வேவித்து, பிறர் காணாதபடி கதவடைத்து உண்பிக்கின்றாள். அவ்வறுமையைப் பாடிய பாட்டே நல்லியக்கோடனை நாடிப் போ என்று வழிகாட்டுகின்றது. வறுமையிலேயே இரு, பாட்டு நன்கு வரும் என்று கூறவில்லை. எங்கள் சீமையிலும் 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கம் எழுந்தபோது பாண்டித்துரைத் தேவரின் பொருளும் பாஸ்கர சேதுபதியின் ஆதரவும் பின்னின்றன.

ஆதலின் இம்மலரைப் படிக்கும் பழைய மாணவர்களிடம் ஒன்று வேண்டுகின்றேன். ஆண்டுதோறும் கோப்பைகளுக்கும் கேடயங்களுக்கும் நிதி அளிக்கின்றீர்கள். அவற்றுள் ஒன்றிரண்டைக் குறைத்து, ஆட்டம் இயற்ற விரும்பும் மாணவர் ஒருவர்க்குப் பட்டம் பெற்றபின் ஓராண்டு உணவும், நம் கணிப்பொறிக் கூடத்தில் ஒரு மூலையும் தரலாகாதா? முதலாண்டில் தோல்வியே விளையினும் கணக்குக் கேளாதிருத்தல் வேண்டும்.