சிப்பிக்கு லேபிள் ஒட்டுகிறவன் புலம்பல்

தரங்கம்பாடியின் பெயரைச் சுமக்கிற விசிறிச் சிப்பி ஒன்று உண்டு. ஷெல் பெட்ரோல் பங்க் வாசலில் மஞ்சளும் சிவப்புமாக நிற்கிறதே, அதே வடிவம், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். லின்னேயஸின் நூலை விரித்து எழுதிய க்மெலின் என்ற ஜெர்மானியர் 1791-இல் இதற்கு ‘ஆஸ்ட்ரியா ட்ராங்க்பேரியா’ என்று பெயர் வைத்தார். ஆஸ்ட்ரியா என்பது பாறையோடு பாறையாக ஒட்டிக் கிடக்கும் ஆய்ஸ்டர்களின் பேரினம். ஓடுகளைப் படபடவென்று அடித்து நீந்துகிற விசிறிச் சிப்பிக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள். லின்னேயஸே 1758-இல் இரண்டையும் ஒன்றாகத்தான் போட்டிருந்தார். பிறகு இது பெக்டென் ஆனது, க்ளாமிஸ் ஆனது, இப்போது வோலாக்ளாமிஸ். எங்கள் கல்லூரி விலங்கியல் அருங்காட்சியகத்தில் இந்தச் சிப்பியின் அட்டையில் பழைய லேபிள் மேல் புது லேபிளாக ஒட்டி ஒட்டி, அட்டை தடித்துவிட்டது. ஒட்டுகிற வேலை என்னுடையது.

அறிவு வளர்ந்தால் பெயர் மாறத்தானே செய்யும் என்பார்கள். சரி, மாறட்டும். மாறியது எனக்குத் தெரிவதற்கும், பாடப்புத்தகம் எழுதுகிறவருக்குத் தெரிவதற்கும், வினாத்தாள் எடுக்கிறவருக்குத் தெரிவதற்கும் நடுவில் ஒரு தலைமுறை போய்விடுகிறதே, அந்த இடைவெளியில் மாட்டிக்கொள்கிற பிள்ளைகளை யார் நினைக்கிறார்கள்? ஒரு சிற்றினம் வேறு பேரினத்துக்கு மாறினால், முதலில் பெயரிட்டவரையும் ஆண்டையும் பிறை அடைப்புக்குறிக்குள் போட வேண்டும் என்பது சர்வதேச விதி. எங்கள் மாணவி ஒருத்தி பிராக்டிகல் பரீட்சையில் புதுப் பெயரை எழுதி, க்மெலினை ஒழுங்காக அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தாள். எக்ஸ்டர்னலாக வந்தவர் கையில் இருந்ததோ பழைய கையேடு. பெயரும் தப்பு, அடைப்புக்குறியும் தப்பு என்று சிவப்பு மையால் சுழித்துவிட்டுப் போனார். சரியாக எழுதியதற்குத் தண்டனை.

இது அடிமட்டத்துச் சண்டை. மேலே போனால் இந்தச் சிப்பிகள் எல்லாம் அடங்குகிற வகுப்பின் பெயருக்கே தகராறு. லாமெல்லிப்ராங்கியா என்று படித்தவர்கள் ஒரு தலைமுறை, பெலிசிபோடா என்று படித்தவர்கள் இன்னொன்று, பைவால்வியா என்று படிக்கிறவர்கள் இப்போது. மூன்றும் ஒன்றுதான். உள்ளே எப்படிப் பிரிப்பது என்பதிலும் ஆளுக்கொரு நியாயம். ஓடுகள் சேரும் கீலில் இருக்கிற பற்களைப் பார்த்துப் பிரித்தார் நியூமாயர். பெல்செனீர் செவுளைப் பார்த்தார். ஓடுகளை மூடுகிற தசை ஒன்றா இரண்டா என்று எண்ணினார்கள் வேறு சிலர். மூன்று வகைப் பிரிவும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. இப்போது டிஎன்ஏ வந்து, மூன்று பேரையும் உட்காரச் சொல்லிவிட்டு நாலாவதாக ஒரு பட்டியல் போடுகிறது.

இதில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: கையில் எடுத்து உற்றுப் பார்த்தால் இவர்கள் சொல்வதில் அழகு இருக்கிறது. ஸ்பான்டிலஸ் என்று ஒரு முள் சிப்பி. ஆய்ஸ்டரைப் போலவே பாறையில் சிமென்ட் வைத்தாற்போல் ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தில் முள் ஆய்ஸ்டர் என்றே கூப்பிடுகிறார்கள். ஆனால் ஆய்ஸ்டர் இடது ஓட்டால் ஒட்டும், இது வலது ஓட்டால் ஒட்டும். உடலோரத்தைப் பார்த்தால் விசிறிச் சிப்பிக்கு இருப்பதுபோல் வரிசையாகக் கண்கள். ஆக, இது விசிறிச் சிப்பிக்குத்தான் சொந்தம். ஜன்னலுக்குக் கண்ணாடி போலப் பதித்தார்களே, அந்தத் தட்டைச் சிப்பி பிளாகுனாவும் இந்தப் பக்கத்து ஆள்தான்.

அப்படியானால் விசிறிச் சிப்பிக் குடும்பத்துக்கு அடையாளம் என்ன? விசிறி வரிகள் அல்ல. வழவழப்பான ஓடு கொண்டவையும் உண்டு. வலது ஓட்டில், காது போல நீட்டிக்கொண்டிருக்கிற பகுதிக்குக் கீழே ஒரு வெட்டு இருக்கும். அதன் ஓரத்தில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் சீப்புப் பல் மாதிரி நுண்ணிய வரிசை தெரியும். டீனோலியம் என்று பெயர். சிப்பி தன்னைக் கட்டிக்கொள்ள விடுகிற நூல்கள் ஒன்றோடொன்று சிக்காமல் பிரித்து வைப்பது அதன் வேலை. அது இருந்தால் பெக்டினிடே குடும்பம். எவ்வளவு நேர்த்தியான அடையாளம்! ஆனால் பாருங்கள், பல இனங்களில் சிறு வயதில் மட்டும் இருந்துவிட்டு, வளர வளர அது மூடிப்போய்விடும். பிள்ளைகள் லென்ஸைப் பிடித்துக்கொண்டு “சார், பல்லே இல்லையே” என்று என் முகத்தைப் பார்க்கிறார்கள். இருந்தது அம்மா, குழந்தையாக இருந்தபோது இருந்தது என்று நான் சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது.

முத்துச் சிப்பியின் கதைதான் எனக்கு ரத்தக்கொதிப்பு. தூத்துக்குடிப் பார்களில், அதாவது கடலடிப் பாறைத் திட்டுகளில், தலைமுறை தலைமுறையாக மூழ்கி எடுத்த சிப்பி. மன்னார் வளைகுடாச் சிப்பிகளைப் பற்றி ஹெர்ட்மன் 1903 முதல் 1906 வரை வெளியிட்ட பெரிய அறிக்கையில் இது மார்கரிட்டிஃபெரா வல்காரிஸ். பின்னால் வந்த பாடப்புத்தகங்களில் பிங்க்டாடா வல்காரிஸ். 1973-இல் தூத்துக்குடியில் அழகர்சுவாமி இதை வைத்து வளர்ப்பு முத்து எடுத்துக் காட்டிய காலத்தில் பிங்க்டாடா ஃபுகேட்டா. அதற்குப் பிறகு சிலர் இம்ப்ரிகேட்டா ஃபுகேட்டா என்றார்கள், சிலர் ரேடியேட்டாவோடு சேர்த்தார்கள். பிங்க்டாடா என்ற பேரினப் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1798-இல் ஹாம்பர்க்கில், இறந்துபோன ஒரு மருத்துவரின் சிப்பிச் சேகரிப்பை ஏலம் விடுவதற்காக ரோடிங் என்பவர் போட்ட பட்டியலிலிருந்து. க்ளாமிஸும் அதே ஏலப் பட்டியல் தந்ததுதான். முந்திய பெயருக்கே முன்னுரிமை என்பது விதி. விதிக்கு ஏலம் என்ன, ஆராய்ச்சி என்ன. பேரினத்துக்கு மேலே இருக்கிற வரிசையிலும் முத்துச் சிப்பியை ஆய்ஸ்டரிடமிருந்து ஒரு காலத்தில் பிரித்துத் தனியாக வைத்தார்கள். இப்போது மூலக்கூறு ஆய்வு சொல்கிறது என்று மறுபடி ஆய்ஸ்டர் வரிசைக்கே கொண்டுவந்துவிட்டார்கள். வாடகை வீடு மாறுகிற குடும்பம்கூட இத்தனை தடவை மூட்டை கட்டாது.

கல்லூரி லேபிளோடு போனால் போகட்டும் என்று விடலாம். சுங்கத்துறைக்குப் போகிறதே! உலக நாடுகள் பயன்படுத்தும் சுங்க வகைப்பாட்டில் விசிறிச் சிப்பி என்றால் பெக்டென், க்ளாமிஸ், ப்ளாகோபெக்டென் ஆகிய மூன்று பேரினங்கள் என்று நெடுங்காலம் எழுதி வைத்திருந்தார்கள். ஜப்பானிலும் சீனாவிலும் லட்சக்கணக்கான டன் வளர்க்கிற விசிறிச் சிப்பியை ஒருவர் பாட்டினோபெக்டென் என்கிறார், இன்னொருவர் மிசுஹோபெக்டென் என்கிறார். இரண்டுமே அந்த மூன்றில் இல்லை. எழுத்துக்கு எழுத்து படித்தால் உலகச் சந்தையின் பெரிய விசிறிச் சிப்பி விசிறிச் சிப்பியே அல்ல. 2022-இல்தான் ‘பெக்டினிடே குடும்பம்’ என்று பொதுவாக மாற்றினார்கள். அதற்கு முன், எந்தச் சிப்பியை எந்தப் பெயரில் விற்கலாம் என்று பிரான்ஸ் போட்ட உத்தரவை எதிர்த்து, 1995-இல் கனடாவும் பெருவும் சிலியும் உலக வர்த்தக அமைப்பு வரை போய், மறு வருடம் சமாதானமானார்கள்.

இவ்வளவு மாற்றுகிறார்களே, அப்பட்டமாகத் தவறான பெயரையாவது மாற்றுவார்களா? மாட்டார்கள். வட அமெரிக்காவின் கிழக்குக் கடலில் மட்டுமே வாழ்கிற பெரிய விசிறிச் சிப்பியின் சிற்றினப் பெயர் மெகல்லானிகஸ். தென் அமெரிக்காவின் அடிமுனையில் இருக்கிற மெகல்லன் நீரிணையிலிருந்து வந்ததாக நினைத்து வைத்த பெயர். வைத்தவர் அதே க்மெலின், அதே 1791. அந்தப் பக்கம் இந்தச் சிப்பி ஒன்றுகூடக் கிடையாது. பேரினத்தை ப்ளாகோபெக்டென் ஆக்கினார்கள். ஊரை மட்டும் தொடவில்லை, விதி இடம் கொடுக்காதாம். தரங்கம்பாடிச் சிப்பிக்காவது ஊர் சரியாக வாய்த்தது.

எங்கள் ஆய்வக உதவியாளர் விவரமானவர். போன முறை லேபிள் மாற்றும்போது, “சார், இனிமே பேரை மட்டும் பென்சில்ல எழுதிருவோமா?” என்றார். அப்படியே செய்துகொண்டிருக்கிறோம்.

பெயர் மாற்றுகிற அறிஞர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பழைய பெயரையும் பக்கத்தில் போடுங்கள், நாங்கள் தேடிச் சாகிறோம். பரீட்சைக்கு வருகிற ஐயாமாரே, பிள்ளை பழைய பெயரை எழுதினாலும் புதுப் பெயரை எழுதினாலும் மதிப்பெண் கொடுங்கள். அப்புறம், வீட்டில் கிடந்த சிப்பிகளைப் பையில் போட்டு ஆசையாகக் கொண்டுவந்து தருகிறவர்களுக்கு: எந்தக் கரையில், எந்த வருடம், எந்த மாதம் பொறுக்கியது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். அதை நாங்கள் எந்தப் புத்தகத்திலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. பெயரை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.