பனிக்கரடியும் விலாங்குசல்லியும்

டிவியில் புவி வெப்பமயமாதல் பற்றி டாக்குமெண்டரி போட்டால் முதல் ஆளாக வருவது பனிக்கரடிதான். பாவம், அதன் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அதையே பார்த்துப் பார்த்து, "இது துருவத்துப் பிரச்சினைப்பா" என்று நம்மாட்கள் முடிவு கட்டிவிட்டார்கள். 2010-லும் 2016-லும் நம்ம தூத்துக்குடிக் கடலிலேயே சூடு தாங்காமல் பவளம் வெளுத்தது எத்தனை பேருக்குத் தெரியும்?

சரி, தீவுகளைக் காட்டினாலோ வேறு கோளாறு. கடல் மட்டம் உயர்ந்தது, தீவு மூழ்கியது, பின்னணியில் சோக வயலின், முடிந்தது கதை! மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் கடலுக்குள் போனதற்கு அது மட்டுமா காரணம்? சுண்ணாம்புக்கும் வீடு கட்டவும் பவளப்பாறையை வருஷக்கணக்கில் வெட்டி எடுத்தோமே ஐயா! அலையைத் தடுத்து நின்றதே அந்தப் பாறைதான். அது போனதும் மண் கரைந்தது. 1986-ல் 16 ஹெக்டேர் இருந்த வான் தீவு 2014-ல் வெறும் 2 ஹெக்டேர். எல்லாவற்றையும் வெப்பமயமாதல் கணக்கிலேயே பற்று எழுதிவிட்டால் (பி.காம் புத்தி, மன்னிக்கவும்) வெட்டியவன் தப்பித்துவிடுகிறான். அடுத்து கேமராவோடு வருபவர்கள் பவளக்கல் வைத்துக் கட்டிய பழைய சுவர்களையும் கொஞ்சம் படம் பிடிக்கட்டும்.