உள்ளானும் ஆலாவும்

பொன்னமராவதியிற் பிறந்து வளர்ந்த ஒருவன் கடற்கரைப் பறவைகளைப் பற்றி எழுதப் புகுவது நகைப்பிற்கிடமென நண்பர் சிலர் கருதக்கூடும். கண்மாயும் ஊரணியும் பாறைக் குன்றுகளும் சூழ்ந்த உள்நாட்டூரன்றோ நம்மூர்! ஆயினும், பூகோளப் படமொன்றை விரித்து, நம்மூரிலிருந்து நேர்கிழக்கே ஒரு கோடு இழுத்துப் பார்ப்பாராயின், அக்கோடு கடலில் இறங்கி, பாக்கு நீரிணையின் ஒரு பகுதியைக் கடந்து, மீண்டும் கரையேறும் இடம் கோடியக்கரையாக இருக்கக் காண்பார். ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், நேர்வழியே 90 மைல் தொலைவில் உள்ளன இவ்விரண்டு ஊர்களும். அங்குக் குளிர்காலந்தோறும் நிகழும் ஓர் அற்புதத்தை நம் மாணவருட் பெரும்பாலோர் கண்டாரில்லை, கேட்டவர்தாமும் சிலரே. இக்குறை நீங்கவேண்டுமென்பதே இவ்வியாசத்தின் நோக்கம்.

வேதாரணியம் என்றவுடன் நம்மவர்க்கு 1930ஆம் ஆண்டின் உப்புச் சத்தியாக்கிரகம் நினைவிற்கு வரும். ராஜாஜி அவர்கள் திருச்சிராப்பள்ளியிலிருந்து தொண்டரை நடத்திச் சென்ற அவ்விடத்திற்குச் சற்றுத் தெற்கே உள்ளது கோடியக்கரை. கிழக்கிலும் தெற்கிலும் கடல். மேற்கே நெடுந்தூரம் பரந்து கிடக்கும் சதுப்பு. இடையே வெளிமான்கள் மேயும் புல்வெளியும் உலர்ந்த பசுங்காடும். 1967ஆம் ஆண்டில் இது வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பறவை நூல் வல்லாராகிய சாலிம் அலி (1896-1987) அவர்கள் இவ்விடத்தின் அருமையை உணர்ந்து எடுத்துரைத்தவருள் முதல்வர். 1883இல் நிறுவப்பெற்ற பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் இங்கே பல்லாண்டுகளாகப் பறவைகளைப் பிடித்து, காலில் எண் பொறித்த சிறு வளையமிட்டு, மீண்டும் பறக்கவிட்டு வந்துள்ளனர். 2002ஆம் ஆண்டில் இந்நிலமும் வேதாரணியச் சதுப்பும் சேர்ந்து ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலில் இடம்பெற்றன. தமிழ்நாட்டில் அப்பெருமை எய்திய முதலிடம் இதுவே. அடுத்த இடங்கள் அப்பட்டியலில் ஏற 2022 வரை காத்திருக்க நேர்ந்தது.

இங்கு வரும் விருந்தினர் யாவர்? பூநாரையைக் காணவே பலரும் செல்கின்றனர். அதன் நிறமும் உயரமும் கண்ணைக் கவர்வன. ஆனால் என் உள்ளத்தைக் கவர்ந்தவை, சேற்றின் நிறமே தம் நிறமாகக் கொண்டு, ஓடுவதும் நிற்பதுமாய்க் காணப்படும் சிறு பறவைகளே. கொசு உள்ளான் என்பதன் எடை ஏறக்குறைய 25 கிராம். ஓர் எலுமிச்சம்பழத்தின் எடை கூட இல்லை. அது முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது வடதுருவத்தை அடுத்த பனிவெளிகளில். வளைந்த மூக்குடைய உள்ளானும் சைபீரியாவின் வடகோடியிலிருந்தே வருகின்றது. ஆகஸ்டு, செப்டம்பரில் வரத் தொடங்கி, மார்ச்சு, ஏப்ரலில் இவை திரும்புகின்றன. இவ்வுள்ளான்களுள் மூத்த பறவைகள் முன்னே புறப்பட்டு வந்துவிட, அவ்வாண்டு பிறந்த குஞ்சுகள் சில வாரங்கள் கழித்துத் தாமாகவே புறப்பட்டு வருகின்றன என்பர். வழி காட்டுவாரின்றி, முன்பின் கண்டிராத ஒரு கரையை நோக்கி ஆயிரக்கணக்கான மைல் பறந்து வரும் அவ்விளம் பறவையினும் துணிவுடைய பிரயாணி யாருளர்?

இவற்றின் வன்மை எத்துணைத்தென்பதற்கு அயல்நாட்டுச் சான்று ஒன்று கூறுவேன். மூக்கன் இனத்துப் பறவையொன்று 2022ஆம் ஆண்டில் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டர் தூரத்தை 11 நாட்களில், இடையில் எங்கும் இறங்காது, உண்ணாது, பறந்து கடந்தது. அதன் முதுகிற் பொருத்தியிருந்த சிறு கருவி இதனை அறிவித்தது. பிறந்து சில திங்களே ஆன இளம்பறவை அது!

ஆலாக்களின் இயல்பு வேறு. இவை கடற்காக்கையின் உறவினம். கூரிய சிறகும் பிளந்த வாலும் உடையன. நீர்மேல் ஓரிடத்தே சிறகடித்து நின்று, கீழே மீனைக் கண்டவுடன் எறிந்த கல்லைப்போல் விழுந்து கொத்தும். பெரிய கொண்டை ஆலாவும், செவ்வலகுடைய காஸ்பியன் ஆலாவும், மீசை ஆலாவும் கோடியக்கரையில் ஒருங்கே மணற்றிட்டில் அமர்ந்திருக்கும் காட்சி கண்ணை விட்டகலாதது. ஆலா கூடும் இடத்தில் மீன் கூட்டம் உண்டென்பது பரதவர் அறிந்த பாடம்.

இனி, நம்மவர் கருத்தொன்றை மறுக்க விரும்புகின்றேன். சேற்று நிலத்தையும் சதுப்பையும் நாம் 'தரிசு' என்று எழுதி வைத்துள்ளோம். பயிர் விளையாத நிலமெல்லாம் பயனற்றது என்னும் எண்ணமே இதற்குக் காரணம். உற்று நோக்குவாருக்கு அச்சேறு ஒரு பெருங்களஞ்சியம். புழுவும் நத்தையும் சிறு நண்டும் அதில் அடுக்கடுக்காக வாழ்கின்றன. குறுகிய அலகுடைய கொசு உள்ளான் மேற்பரப்பிற் கொத்துகின்றது. நடுத்தர அலகுடைய பவளக்காலி சற்று ஆழத்தில் தேடுகின்றது. நீண்டு வளைந்த அலகுடைய கோட்டான் ஆழத்தில் ஒளிந்த புழுவையும் இழுத்தெடுக்கின்றது. ஒரே இலையில் அமர்ந்தும் ஒருவர் உணவை மற்றவர் பறியாத பந்தி இது. அச்சேற்றை மண்ணிட்டு மூடினாலும், உவர்நீர் வரத்தை அடைத்தாலும், பந்தி கலைந்துவிடும். வழியில் உணவின்றேல் அப்பறவை அடுத்த பயணத்திற்கு வேண்டிய கொழுப்பை உடலிற் சேர்க்க முடியாது. சேர்க்கமுடியாத பறவை ஊர் திரும்புவதுமில்லை.

இது வெறும் அச்சமன்று. 2024ஆம் ஆண்டு அக்டோபரில் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் 16 வகைக் கரைப்பறவைகள் முன்னிலும் மிக்க அபாயத்திலுள்ளனவாக வகுக்கப்பட்டன. வளைமூக்கு உள்ளானும் சாம்பல் உப்புக்கொத்தியும் அவற்றுள் அடங்கும். இவ்விரண்டும் கோடியக்கரைக்கு வரும் விருந்தினரே. விருந்தோம்பலைத் தலையாய அறமெனப் போற்றும் நாட்டில், விருந்தினர் குறைந்து வருவதை அறியாமலே இருத்தல் அழகாகுமோ?

"மனிதர்க்கே சோறில்லாத நாட்டில் குருவி எண்ணுவதும் ஒரு வேலையோ?" என்று நண்பரொருவர் என்னைக் கேட்டார். கேள்வி நேர்மையானது, ஆதலின் விடையும் நேர்மையாக இருத்தல் வேண்டும். கரையோரத்தில் வாழும் உப்பளத் தொழிலாளியையும் மீனவரையும் பழித்து, பறவையை மட்டும் காப்போமென்பது என் கொள்கையன்று. பறவைக்கு உணவூட்டும் அதே சதுப்பில்தான் இறாலும் மீன்குஞ்சும் வளர்ந்து கடலுக்குச் செல்கின்றன. பறவை குறைகின்றதென்றால் மீனவர் வலையும் ஒருநாள் வெறுமையாகக்கூடும் என்பதற்கு அது முன்னறிவிப்பு. 2018ஆம் ஆண்டு நவம்பரிற் கஜாப் புயல் வேதாரணியக் கரையைத் தாக்கி, நம் புதுக்கோட்டை மாவட்டத்துத் தென்னந்தோப்புகளையும் சாய்த்துச் சென்றதை நாம் மறக்கவில்லை. கடற்கரையின் நலம் கடற்கரையோடு நிற்பதன்று என்பதை அன்று கண்கூடாகக் கண்டோம்.

மற்றொன்று. பறவை எண்ணுதல் பொழுதுபோக்கு மட்டுமன்று. அது சாட்சி கூறுதல். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நடைபெற்று வருகின்றது. அதற்குக் கணக்குத் தருபவருட் பலர் ஊதியம் பெறாத தொண்டர்களே. எழுதி வைத்த கணக்கு இருந்தால்தான் குறைவும் மிகுதியும் தெரியும்; தெரிந்தால்தான் நியாயம் கேட்கமுடியும். கணக்கில்லாத இழப்பு யார் காதிலும் விழுவதில்லை.

ஆதலின் மாணவ நண்பர்களே, உங்களிடம் நான் வேண்டுவன மூன்று. உல்லாசப் பிரயாணமென்று ஆண்டுதோறும் மலைவாசத்தலங்களுக்கே செல்கின்றோம். ஒரு ஜனவரியிலாவது, வனத்துறையினரின் அனுமதி பெற்று, கோடியக்கரைக்குச் செல்வோம். இது முதலாவது. அங்கே பறவைகளைத் துரத்திப் படம் பிடித்தலைத் தவிர்த்து, தூரத்தே அமைதியாக நின்று நோக்கப் பழகுவோம். ஒருமுறை எழுப்பிவிட்ட கூட்டம் செலவிடும் வலிமை, அது அரிதிற் சேர்த்த பொருள்.

இரண்டாவது, கோடியக்கரை வரை செல்லவியலாதவர் நம்மூர்க் கண்மாய்க் கரையிலேயே தொடங்கலாம். கார்த்திகை, மார்கழியில் நீர் நிறைந்த கண்மாய்களின் மேல் மீசை ஆலா பறப்பதையும், நீர் வற்றும் ஓரத்தில் உள்ளான் வாலசைத்து நடப்பதையும் நான் சிறுவயது முதல் கண்டுள்ளேன். அவை எங்கிருந்து வருகின்றன என்றுதான் கேட்டதில்லை. அக்காலத்தில் சந்தையில் உள்ளான்களைக் காலைக் கட்டித் தொங்கவிட்டு விற்றதையும் கண்டேன். அவற்றை வாங்கி உண்டவருள் நானும் ஒருவன். பனிவெளியிலிருந்து வந்த விருந்தினரை உண்டோமென்பதைப் பின்னர் அறிந்து நாணினேன். சட்டம் இன்று அதனைத் தடுக்கின்றது. ஆனால் அறிவே சட்டத்தினும் வலிய காவல்.

மூன்றாவது, கண்டதைத் தமிழில் எழுதுங்கள். சத்திமுற்றப் புலவர் நாரையை விளித்துப் பாடியபோது, அது தென்குமரி சென்று வடதிசைக்கு மீளும் என்பதை அறிந்தே பாடினார். அத்தகைய நோக்கு நம் முன்னோர்க்கு இருந்தது. இன்றோ, கல்லூரியிற் பயின்றவர் பறவைப் பெயரை ஆங்கிலத்தில் மட்டும் அறிவர். தமிழ்ப் பெயரை அறிந்த மீனவரையும் வேட்டுவரையும் நாம் கேட்பதில்லை. அவர்களிடம் கேட்டு, பெயரும் நாளும் எண்ணும் இடமும் குறித்து, அடுத்த ஆண்டு இச்சஞ்சிகையில் ஒரு பக்கம் வெளியிடுவீராயின், அது பல கட்டுரைகளினும் பயனுடையதாகும்.

இதற்குப் பெருஞ்செலவு இல்லை. ஒரு தொலைநோக்கிக் கண்ணாடி, ஒரு குறிப்பேடு, விடியுமுன் எழும் பழக்கம் இவையே போதும். வரும் மார்கழியில் கண்மாய்க் கரையில் ஒரு சிறு பறவை வாலசைத்து நிற்கக் காண்பீராயின், சற்றே நில்லுங்கள். அது நம்மூரை நம்பி நெடுந்தொலைவு வந்துள்ளது.