இணைப்புக்குப் பெயரிடுதல்

விழுப்புரம் மாவட்டத்து வல்லம் ஒன்றியத்தினின்று வந்து நம் கல்லூரியிற் பயிலும் நண்பரொருவர் எனக்கு உண்டு. அவர் கண்பார்வை அற்றவர். ஆயினும் பாடங்களைக் கணினியின் வாயிலாகக் கேட்டுக் கற்பதில் எங்களிற் பலருக்கு முந்தியவர். சென்ற விடுமுறையில் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க விரும்பி, ஓர் அலுவலகத்தின் வலைப்பக்கத்தைத் தம் வீட்டிலிருந்தபடியே திறந்தார். நானும் உடனிருந்தேன். அப்பக்கத்திலுள்ள இணைப்புகளை வரிசையாகக் கூறுமாறு, திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானுக்குக் கட்டளையிட்டார். அது கூறியது இதுவே: "இங்கே, இங்கே, மேலும், இங்கே, மேலும்." இணைப்புகள் பதினொன்று, பெயர்களோ இரண்டே. படிவம் எது, தகுதிகளைக் கூறும் பக்கம் எது, கடைசி நாளை அறிவிப்பது எது என்று அறிய ஒவ்வொன்றையும் திறந்து திறந்து மூடினார். அரை மணி நேரம் கழிந்தது. நான் கண்ணாற் பார்த்து ஒரு நொடியிற் காட்டியிருப்பேன். அவர் அதற்கு இசையவில்லை. "நீ ஊருக்குத் திரும்பிய பின்பு எனக்கு யாரப்பா காட்டுவார்கள்?" என்றார்.

அவ்வினாவே இவ்வியாசம் எழுதுவதற்குக் காரணமாயிற்று.

வலைப்பக்கத்தில் ஒரு சொல்லையோ படத்தையோ தொட்டவுடன் வேறொரு பக்கம் திறக்கின்றதன்றோ? அதனைப் பேச்சில் லிங்க் என வழங்குகின்றோம். ஈண்டு இணைப்பு என்பேன். கண்ணுடையார்க்கு அது நிறத்தாலும் அடிக்கோட்டாலும் புலப்படும். கண்ணில்லார்க்குப் புலப்படும் வழி யாது? உலாவி என்னும் மென்பொருள் ஒரு பக்கத்தைப் பெற்றவுடன் இரு பணிகள் செய்கின்றது. ஒன்று, அதனைத் திரையில் வரைதல். மற்றொன்று, அப்பக்கத்தின் தலைப்பு, பத்தி, பொத்தான், இணைப்பு முதலியவற்றை மரமும் கிளையும் போல வகுத்து, பிற மென்பொருள்கள் வினவுங்கால் விடை கூற ஆயத்தமாய் வைத்தல். இவ்வினா விடைக்கென வகுத்த ஒழுங்கையே இடைமுகம் என்பர். ஃபயர்பாக்ஸ் உலாவியில் இணைப்புக்கெனத் தனியே ஓர் இடைமுகம் உண்டு. இவ்விணைப்பு செல்லத்தக்கதா, இதனுள் எத்தனை இலக்குகள் உள, ஒவ்வோர் இலக்கும் எந்த முகவரிக்குச் செல்லும், வாசகத்தில் இஃது எவ்விடத்தில் தொடங்கி எவ்விடத்தில் முடிகின்றது என்னும் வினாக்களை அதனிடம் கேட்கலாம். ஐபிஎம் நிறுவனம் 2006ஆம் ஆண்டில் பொதுவாக அளித்த ஐஅக்சசிபிள்2 என்னும் ஒழுங்கிலும் இத்தகைய பகுதி அமைந்துள்ளது.

இதில் வியக்கத்தக்கது மற்றொன்றுண்டு. இவ்விடைமுகங்களின் இலக்கணம் ஒரே நிரல்மொழிக்கு உரியதாக எழுதப்படுவதில்லை. பொதுவானதொரு விளக்கமொழியில் எழுதப்படுகின்றது. பின்னர் அது சி++, பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் முதலிய நிரல்மொழிகளோடு தனித்தனியே பிணைக்கப்படுகின்றது. இதற்கு மொழிப்பிணைப்பு என்று பெயர். கடினமான மொழியில் வல்லவர் சிலர்க்கே உரியதாயிருந்த வாயில், எளிய மொழி கற்றவர்க்கும் இதனால் திறக்கின்றது.

இதன் பயனை நம் நாட்டு உவமை ஒன்றால் விளக்கலாம். பார்வையற்றோர்க்கென இந்தியாவில் எழுந்த முதற் பள்ளியை அமிர்தசரஸில் 1887ஆம் ஆண்டு ஆனி ஷார்ப் அம்மையார் நிறுவினார். அதற்கு மூன்றாண்டின் பின், 1890இல், பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் அத்தகைய பணியைத் தொடங்கினார். இருவரும் மிஷன் ஊழியர்கள். அக்காலத்தில் இந்திய மொழிகளுக்கான புள்ளியெழுத்து முறைகள் பலவாய், ஒன்றோடொன்று ஒவ்வாதனவாய் இருந்தன. 1951ஆம் ஆண்டில் பாரதி பிரெயில் ஏற்கப்பட்ட பின்பே, ஆறு புள்ளிகளாலான ஒரே முறை மொழிதோறும் பொருந்துவதாயிற்று. தமிழ்க் ககரத்தை உணர்த்தும் புள்ளிகளே இந்திக் ககரத்தையும் உணர்த்துகின்றன. அடிப்படை ஒன்று; அதனோடு பிணைந்த மொழிகள் பல. மொழிப்பிணைப்பும் இத்தகையதே.

இப்பிணைப்புகள் இல்லையேல் என் நண்பரின் கணினி வாய் திறந்திராது. அவர் கையாளும் என்விடிஏ என்னும் திரைவாசிப்பானை 2006ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்னும் இளைஞர் தொடங்கினார். ஜேம்ஸ் தே என்பார் அவருடன் சேர்ந்தார். இருவரும் பார்வையற்றவர்கள். விலையுயர்ந்த மென்பொருளை வாங்க இயலாதவர்க்கு விலையின்றி ஒன்று வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். விண்டோஸ் கணினியின் இடைமுகங்களைப் பைத்தானிலிருந்து அழைக்கத்தக்க பிணைப்பு இருந்தமையால், அதன் பெரும்பகுதியை அம்மொழியிலேயே எழுத அவர்களுக்கு இயன்றது. அதனுடன் வரும் ஈஸ்பீக் என்னும் குரல் தமிழையும் ஒலிக்கும். ஜேம்ஸ் தே 2017இல் மோசில்லா நிறுவனத்திற் சேர்ந்து ஃபயர்பாக்ஸின் அணுகல் பணியையே மேற்கொண்டார்.

நிற்க. இத்துணை அறிஞர் உழைத்திருந்தும், வல்லத்தில் என் நண்பர் ஏன் இடர்ப்பட்டார்? பழுது உலாவியிலும் இல்லை, பிணைப்பிலும் இல்லை, திரைவாசிப்பானிலும் இல்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பெயரைக் கொண்டு சேர்ப்பதே அவற்றின் தொழில். பெயரைப் படைப்பது அவற்றின் தொழிலன்று. எழுதினவர் "இங்கே" என்று எழுதினார். கருவிகளும் "இங்கே" என்பதையே நேர்மையாகக் கொண்டுவந்து சேர்த்தன. ஆகவே குறை எழுதுவோரிடத்தது. அது தமிழ் எழுதுவதைப் பற்றிய குறையாதலின், தமிழ் மாணவராகிய நம்மைச் சார்ந்தது என்பதே என் கருத்து.

இலக்கணம் கற்றவர் இதனை எளிதில் உணர்வர். "இங்கே" என்பது அண்மைச் சுட்டு. சுட்டுவதற்கு ஒரு பொருளும், அதனைக் காண்பான் ஒருவனும் வேண்டும். "படிவத்தைப் பெற இங்கே சொடுக்கவும்" என்னும் தொடரில் பொருளுள்ள சொல் படிவமே. நாமோ அதனை விடுத்துச் சுட்டுக்கு இணைப்பைத் தருகின்றோம். இணைப்புகளை மட்டும் பிரித்துக் கேட்பவர்க்குத் தொடர் கிடைப்பதில்லை. சுட்டு மட்டுமே கிடைக்கின்றது. "உதவித்தொகை விண்ணப்பப் படிவம்" என்னும் சொற்களுக்கே இணைப்பைத் தந்தால் இடர் நீங்கும். இதற்குச் செலவில்லை, தொழில்நுட்ப அறிவும் வேண்டா. நானும் இக்குற்றத்திற்கு விலக்கானவன் அல்லேன். சென்ற ஆண்டு தமிழ் மன்றத்து அறிவிப்பொன்றில் "இங்கே சொடுக்கவும்" என்று எழுதியவன் நானே. என் நண்பரும் அம்மன்றத்தின் உறுப்பினர் என்பதை அப்பொழுது நினையாதொழிந்தேன்.

பார்வையற்றோர் மிகச் சிலரே என்று சிலர் கூறலாம். 2011ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி நம் நாட்டிற் பார்வைக் குறையுடையோர் 50 இலட்சத்திற்கு மேற்பட்டவர். சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று வேறு சிலர் கூறலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் இயற்றப்பட்டது. மின்வழிச் சேவைகளை அணுகுதல் வாழ்வுரிமையின் கூறே என்று உச்ச நீதிமன்றம் 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் தீர்ப்பளித்தது. இவை போற்றத்தக்கன. ஆயினும் தக்க சொல்லைத் தேர்ந்தெழுதும் வேலையைச் சட்டம் நமக்காகச் செய்துவிடாது. செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, அது ஊகித்துக் கூறும் என்பாரும் உளர். படத்திற் காண்பதை அது விவரிக்கலாம். எழுதினவன் கருதியது யாதென்பதை ஊகமாகவே கூறும். கடைசி நாளை ஊகத்தால் அறிந்து விண்ணப்பிக்க நம்மில் யாரேனும் இசைவோமா?

ஆதலின் நம் கல்லூரி மன்றங்களுக்கும், அலுவலகங்களிற் பொறுப்பேற்றுள்ள பழைய மாணவர்களுக்கும் சில விண்ணப்பங்கள் செய்துகொள்கின்றேன். இணைப்புக்குச் சுட்டை விடுத்துப் பொருட்பெயரைத் தருக. படமே இணைப்பாயின், அது கொண்டு செல்லும் இடத்தைச் சொல்லால் எழுதுக. பக்கத்தின் மொழி தமிழ் என்பதை அதன் குறிமொழியிற் குறிப்பிடுக. அன்றேல் ஆங்கிலக் குரல் தமிழைப் படிக்க முற்பட்டு ஒன்றும் விளங்காமற் போகலாம். ஒருங்குறி எழுத்திலேயே எழுதுக. பழைய எழுத்துருக்களில் இட்ட தமிழ், கண்ணுக்குத் தமிழாயினும் கருவிக்குப் பொருளற்ற குறிகளே. இம்மலரும் வலையில் ஏறுமாயின், வெறும் நிழற்படப் பக்கங்களாக அன்றி எழுத்தாகவே ஏறுதல் வேண்டும். இவ்வாண்டு மலரில் தம் நண்பன் தம்மைப்பற்றி எழுதியதை என் நண்பர் பிறர் உதவியின்றிப் படித்தல் வேண்டுமன்றோ?

இறுதியாக ஒன்று. மாற்கு சுவிசேஷத்தின் 10ஆம் அதிகாரத்தில், எரிகோவின் வழியோரத்தில் அமர்ந்திருந்த பர்திமேயுவைக் கூட்டத்தார் அதட்டி அடக்கினர். நம் ஆண்டவரோ அவனை அழைப்பித்து, அவன் வேண்டுவது யாதென்று அவனையே வினவினார். தேவையை அறியாமல் அவர் வினவினாரல்லர். அவன் தன் வாயால் உரைக்க இடங்கொடுத்தார். நாமும் ஒரு பக்கத்தை வெளியிடுமுன் பார்வையற்ற மாணவர் ஒருவரை அழைத்து, "இதனைக் கேட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று வேண்டுவோமாக. அதற்குப் பத்து நிமிடங்கள் போதும். அன்று வல்லத்தில் அவர் இழந்தது அரை மணி நேரம்.