கடலிலும் சுவரிலும் ஒரே பவளம்

பூமியில் பயணம் செய்து முன்னோர் வாழ்ந்த நிலையைக் கண்டறியுமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் மாந்தரை அழைக்கின்றது. கால் போன போக்கில் திரிந்து வருதல் அவ்வழைப்பின் பொருளன்று. கண்டதனால் உள்ளம் தெளிதலே அதன் பொருளாகும். அவ்வகையில் நோக்கும்போது, இன்று பயணிகள் பெருந்திரளாகச் சென்று திரும்பும் மாலத்தீவு, உண்மையில் அவர்களால் காணப்படுகின்றதா என்னும் வினா நம் முன் எழுகின்றது.

இந்துமாக்கடலில் வடக்கு தெற்காக 800 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கும் அந்நாட்டில் ஏறத்தாழ 1,190 தீவுகள் உள்ளன. மக்கள் வாழ்பவை அவற்றுள் 200 அளவினவே. 1972ஆம் ஆண்டில் அங்கு முதல் சுற்றுலா விடுதி திறக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டில் அந்நாட்டிற்கு வந்த பயணிகளின் எண்ணிக்கை 20 இலட்சத்தைக் கடந்தது. ஆயினும் அவர்களுள் பலர் விமான நிலையத்திலிருந்தே படகிலோ கடல்விமானத்திலோ ஏறி, விடுதி ஒன்று மட்டுமே உள்ள தனித்தீவிற்குச் சென்று, வந்த வழியே திரும்பிவிடுகின்றனர். தலைநகர் மாலேயின் ஒரு தெருவையேனும் அவர்கள் மிதிப்பதில்லை. ஓய்வை நாடிச் செல்வது குற்றமன்று. ஆனால் நீலக்கடலையும் வெண்மணலையும் கண்டுவிட்டு நாட்டையே கண்டுவிட்டதாக எண்ணுவது, அட்டையைப் பார்த்துவிட்டு நூலைப் படித்ததாகக் கூறுவதை ஒக்கும்.

அந்நாட்டின் இயற்கையையும் பண்பாட்டையும் இணைத்து நிற்பது பவளம். அமிழ்ந்துபோன எரிமலைத் தொடரின் மேல் பவள உயிரிகள் நெடுங்காலமாகக் கட்டியெழுப்பிய பாறைகளே இத்தீவுகளுக்கு அடித்தளம். வளையம்போல் அமைந்த இத்தீவுக் கூட்டங்களைக் குறிக்கும் 'அட்டோல்' என்னும் சொல்லை உலக மொழிகளுக்கு வழங்கியதும் அம்மக்களின் திவேஹி மொழியே. பயணிகள் வியந்து நடக்கும் வெண்மணலிலும் பெரும்பங்கு, கிளிமீன்கள் பவளத்தைக் கடித்து அரைத்து வெளியிட்ட துகள்களாகும். பா அட்டோலில் உள்ள ஹனிஃபாரு வளைகுடாவில், பருவக்காற்றுக் காலத்தில் மாபெரும் திருக்கை மீன்கள் கூட்டங்கூட்டமாக இரைதேடி வருவது காணக்கிடைக்காத காட்சி. அந்த அட்டோலை 2011ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது.

கடலில் உயிரோடிருக்கும் இப்பவளமே கரையில் கலையாக நிற்கின்றது. மாலேயில் 1658ஆம் ஆண்டு சுல்தான் முதலாம் இப்ராஹீம் இஸ்கந்தர் எழுப்பிய ஹுகுரு மிஸ்கி என்னும் வெள்ளிக்கிழமைப் பள்ளிவாசல் பவளக்கற்களால் ஆனது. கடலிலிருந்து எடுத்த பவளப்பாளங்களை அறுத்துச் செதுக்கி, காற்றில் உலரவிட்டு, சாந்தின்றி ஒன்றோடொன்று பொருத்திக் கட்டும் கலையில் அத்தீவின் கைவினைஞர் வல்லவராயிருந்தனர். சுவரெங்கும் கொடிகளும் பின்னல்களும், உள்ளே அரக்குப்பூச்சு பொலியும் மரவேலைப்பாடும் அமைந்துள்ளன. கட்டடம் மேற்கு நோக்கி நிற்க, தொழுவோரின் வரிசைகளோ கிப்லாவை நோக்கிச் சாய்வாக அமைகின்றன. இத்தகைய பவளக்கல் பள்ளிவாசல்கள் பல தீவுகளில் உள்ளன. அவற்றுள் சில 2013ஆம் ஆண்டு முதல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றுள்ளன.

இந்நாடு நமக்கு அயலானதன்று. முதலாம் இராசராச சோழனின் மெய்க்கீர்த்தி, கடல் நடுவே உள்ள பன்னீராயிரம் பழந்தீவுகளை அவன் வென்றதாகக் கூறுகின்றது. அவை மாலத்தீவுகளே என்பது வரலாற்றறிஞர் பலரின் கருத்து. 1153ஆம் ஆண்டில் அந்நாடு இஸ்லாத்தைத் தழுவியது. 1343ஆம் ஆண்டில் அங்குச் சென்ற இப்னு பதூதா காஜியாகப் பணியாற்றினார். பின்னர் இலங்கை வழியாக மதுரை சுல்தானகத்திற்கும் வந்தார். அம்மக்கள் தூண்டிலால் ஒவ்வொன்றாகப் பிடிக்கும் சூரைமீன், மாசியாக உலர்ந்து நம் கடற்கரை ஊர்களின் அடுக்களையில் மணக்கின்றது. திவேஹி மொழியில் 'மஸ்' என்றாலே மீன் என்று பொருள்.

இவ்விரு பவளங்களும் இன்று இடருக்கு உள்ளாகியுள்ளன. கடல்நீர் வெப்பமடையும்போது பவள உயிரி தன்னுள் வாழும் நுண்பாசிகளை வெளியேற்றி வெளிறிப்போகின்றது. வெப்பம் நீடித்தால் மடிகின்றது. 1998ஆம் ஆண்டிலும் 2016ஆம் ஆண்டிலும் இத்துன்பம் அக்கடலில் பேரளவில் நேர்ந்தது. அலைகளின் வேகத்தைத் தணிக்கும் இயற்கை அரண் பவளப்பாறையே. அது சிதைந்தால், பெரும்பாலும் கடல்மட்டத்திலிருந்து இரண்டு மீட்டர் உயரமும் இல்லாத அத்தீவுகள் எவ்வாறு நிலைக்கும்? 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அங்கு எண்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்றதை நாம் மறத்தலாகாது.

கரையில் உள்ள பவளத்திற்கு வந்த கேடு வேறுவகையானது. 2012ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், ஒரு கும்பல் மாலே தேசிய அருங்காட்சியகத்தினுள் புகுந்து, இஸ்லாத்திற்கு முற்பட்ட பௌத்த காலத்துப் பவளக்கற் சிலைகளை உடைத்தெறிந்தது. எவரும் வழிபடாமல், வரலாற்றின் சான்றாக மட்டுமே இருந்த அப்பொருள்களை அழித்ததால் மார்க்கத்திற்கு விளைந்த நன்மை யாது? முன்னோர் வாழ்ந்த நிலையைக் காணப் பணித்த மார்க்கத்தைப் பின்பற்றுவோர், முன்னோரின் சுவடுகளைக் காப்பதன்றோ முறை? சிலையைச் செதுக்கிய கலையும் பள்ளிவாசலைச் செதுக்கிய கலையும் ஒரே மண்ணில், ஒரே கல்லில் வளர்ந்தவை. ஒன்றை அழிப்போர் மற்றொன்றின் வேரையும் அறுக்கின்றனர்.

ஆதலின், மாலத்தீவு செல்லும் பயணி கடலையும் காண்க. கரையையும் காண்க என்பதே நாம் வலியுறுத்தும் கருத்து. 2009ஆம் ஆண்டிற்குப் பின் மக்கள் வாழும் தீவுகளிலும் தங்குமிடங்கள் பெருகியுள்ளன. அங்குத் தங்கினால் செலவும் குறையும். அம்மக்களின் வாழ்வும் விளங்கும். பள்ளிவாசலுக்குள் உரிய அனுமதியோடும் ஒழுங்கான உடையோடும் செல்லுதல் வேண்டும். நீருக்குள் இறங்குவோர் பவளத்தின்மீது கால் வையாதிருத்தல் வேண்டும். கரைக்கு அதன் துண்டொன்றையும் எடுத்து வருதல் கூடாது.

மாணவச் செல்வங்கள் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். இப்னு பதூதா ஏறத்தாழ 680 ஆண்டுகளுக்கு முன் அங்குக் கண்ட மக்கள், உடை, உணவு, வழக்கம் ஆகிய அனைத்தையும் சொல்லிவைத்ததனாலன்றோ நாம் இன்று அறிகின்றோம்? படக்கருவியோடு செல்லும் இந்நாளைய பயணியும் சிறு குறிப்பேடு ஒன்றை உடன் கொண்டு செல்வாராக. அவர் கண்டு எழுதும் பவளம், பின்வரும் தலைமுறை காண எஞ்சியிருத்தல் வேண்டும் என்னும் கவலையும் அக்குறிப்பேட்டில் இடம்பெறுவதாக.