தப்பைத் திருத்துகிறவர்கள்

மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றின் காமன் கூத்து இரண்டு ஒலிப்பதிவுகளாக நம் கைக்கு வந்தது. ஒன்று, கூத்துப் பார்க்கப் போன இளைஞர் கைப்பேசியில் பிடித்தது. மற்றது, அதே குழுவை நகரத்துக் கலையகமொன்றுக்கு அழைத்துப்போய்ப் பதிந்து, ‘சுத்தம்’ செய்து தந்தது. முதலாவதில் தப்பு மேளம் தகரம்போலக் கேட்டது. ஒவ்வோர் அடிக்கும் பாடகரின் குரல் கிணற்றுக்குள் போய் மீண்டது. இரண்டாவதில் ஒவ்வொரு சொல்லும் தெளிவு. ஆனால் அந்தத் தெளிவுக்குள் கூத்து நடக்கும் காமன் பொட்டல் இல்லை. விடிய விடியக் குந்தியிருந்த சனமும் இல்லை.

கைப்பேசியைக் குறைசொல்லிப் பயனில்லை. அது பேச்சுக்காகச் செய்த கருவி. சத்தம் உயர்ந்தால் உள்வாங்கும் அளவைத் தானே குறைக்கும், தாழ்ந்தால் தானே கூட்டும். அடிக்குச்சி தோலில் விழுந்த கணத்தில் அது பதறி எல்லாவற்றையும் அமுக்குகிறது. அடியோடு குரலும் அமுங்குகிறது. விடாமல் ஒலிக்கும் எதையும் இரைச்சலென்று கணக்கிட்டுக் கழிக்கிறது. பிறகு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது இன்னொரு சுருக்கம்.

கலையகத்தில் நடப்பது வேறு. அங்கே ஒவ்வொன்றும் ஒருவர் தெரிந்து எடுக்கும் முடிவு. ஒருதிசை ஒலிவாங்கியைத் தப்புக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்தால் அதன் இயல்புப்படி கனத்த ஒலிகள் பருத்துவிடும். நெருப்பில் காய்ச்சி முறுக்கேற்றிய தோலின் கணீர் பின்னுக்குப் போய்விடும். ‘கேட்’ என்றொரு கருவி, குறித்த அளவுக்குக் கீழே போகும் ஒலிக்குக் கதவடைக்கும். அடி ஓய்ந்தபின் தோலில் தங்கும் அதிர்வும் அடுத்த அடிக்குமுன் பாடகர் இழுக்கும் மூச்சும் வாசலுக்கு வெளியே நிற்கும். ‘கம்பிரசர்’ உரத்ததைத் தட்டிக் குறைக்க, மெல்லியது மேலே ஏறிவரும். கூத்தில் மெல்லத் தொடங்கி வெறியேறும் ஆட்டம், பதிவில் முதல் நிமிடத்திலேயே உச்சியில் நிற்கிறது.

கடைசியில் வருவது சுருதி திருத்தும் மென்பொருள். இவற்றில் பேர்போன ஆட்டோ-டியூன் 1997இல் சந்தைக்கு வந்தது. அதை உருவாக்கிய ஆண்டி ஹில்டபிராண்ட், எண்ணெய் தேடும் தொழிலுக்காக நிலத்தடி அதிர்வுகளை ஆராய்ந்தவர். அந்தக் கணிதத்தையே குரலுக்குப் பொருத்தினார். சுரத்தை விட்டு விலகும் குரலை அது பக்கத்துச் சுரத்துக்கு இழுத்துவரும். ஒப்பாரி படிப்படியாய் ஏறி இறங்குவதில்லை. சரிகிறது, உடைகிறது, தேம்புகிறது. மென்பொருளுக்கு அந்த உடைவெல்லாம் பிழை. அதன் காதில் தப்பும் தப்புத்தான்.

இப்படிச் சொல்வதால் நாம் கருவிகளுக்கு எதிரிகள் அல்ல. மின் ஒலிப்பதிவு வந்தது 1925இல். அதுவரை பாடகர்கள் கூம்புக் குழாயின் முன் நின்று உரக்கப் பாடினார்கள். மெல்லிய குரலுக்கு அங்கே இடமில்லை. லயக்காம்பராவில் பிள்ளைக்கு மட்டும் கேட்கப் பாடிய தாலாட்டை வெளியே கொண்டுவர ஒலிவாங்கியால்தான் முடிந்தது. 1982இல் வந்த இறுவட்டு ஒரு நொடி ஒலியை 44,100 துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் 65,536 படிகளுள் ஒன்றில் குறித்து வைத்தது. துண்டாக்குவதால் மட்டும் பாட்டு செத்துவிடாது. திரும்ப எப்படி அடுக்குகிறோம் என்பதில் இருக்கிறது காரியம்.

இதற்குச் சாட்சி நம் வழியிலேயே நிற்கிறது. தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்கு வரும் ஏ9 வீதியில், நாலந்தாவில் இறங்கிக் கிழக்கே கொஞ்சம் நடந்தால் கெடிகே என்ற கற்கோவில். பல்லவர் பாணியில் கட்டப்பட்டு, பௌத்தமும் சைவமும் கைகோத்த கட்டடம். ஆயிரம் ஆண்டுக்குமேல் பழையது. மகாவலித் திட்டத்தின் போவதென்ன நீர்த்தேக்கம் அதை மூழ்கடிக்கும் என்றானபோது, கல் கல்லாகப் பிரித்து மேட்டில் மறுபடி எழுப்பினார்கள். 1980 அளவில் வேலை முடிந்தது. கோவில் இடம் மாறியது. தேய்ந்த சிற்பங்கள் இன்றும் தேய்ந்தவையாகவே நிற்கின்றன.

1823 தொடக்கம் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர் மன்னாரில் கரையேறி, காடு கடந்து, நோயில் பலரை இழந்து, தம்புள்ளை, நாலந்தா வழியாகத்தான் மாத்தளைக்கு நடந்தார்கள். இருநூறு ஆண்டு நிறைவில், 2023இல், தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்கள் அந்தத் தடத்தையே நினைவூட்டினார்கள். பாட்டும் அன்று அவர்களோடு நடந்தே வந்தது. அந்தப் பாடல்களைத் தேடித் தொகுத்தவர் சி. வி. வேலுப்பிள்ளை, அவர் புண்ணியத்தில் சொற்கள் அச்சில் தங்கின. குரலைத் தாங்க அச்சால் ஆகாது. அந்த மிச்ச வேலை நம்முடையது. இன்று அதற்கான கருவி ஒவ்வொரு சட்டைப்பையிலும் இருக்கிறது.

ஆகவே, பதிவு செய்யப் போகிறவர்களிடம் சில வேண்டுகோள்கள். தானாக அளவை மாற்றும் வசதியையும் இரைச்சல் நீக்கியையும் முதலில் அணையுங்கள். சுருக்காத ‘வேவ்’ கோப்பாக, முடிந்தால் 24 பிட்டில் பதியுங்கள். தப்பின் அடி எகிறும். எண்ணிமப் பதிவில் உச்சவரம்பைத் தாண்டிய ஒலி வெட்டுப்பட்டுப் போகும், பின்னர் எந்த வித்தையாலும் மீளாது. ஆகவே தாராளமாக இடம் விட்டுத் தாழ்வாகவே பதியுங்கள். ஒலிவாங்கியை அடிப்பவரின் மடியில் வைக்காமல், சனம் நிற்கும் இடத்தில் வையுங்கள். நாய் குரைத்தால் குரைக்கட்டும். ஊர், நாள், எந்தச் சடங்குக்கான அடி என்பதைப் பதிவின் தொடக்கத்திலேயே வாயால் சொல்லுங்கள். பாடுகிறவர் சம்மதித்தால் அவர் பெயரையும் சொல்லுங்கள். வேலைக்குத் திரட்டும் பெரட்டுக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி. எது எதுவென்று சொல்லத் தெரிந்தவர்கள் குறைந்துவருகிறார்கள்.

மெருகேற்ற வேண்டுமா, பிரதியில் ஏற்றுங்கள். மூலத்தில் கைவைக்க வேண்டாம். ஒரு படி பாடியவர் வீட்டில் இருக்கட்டும்; இன்னொன்று ‘நூலகம்’ போன்ற எண்ணிம ஆவணகங்களுக்குப் போகட்டும்.

எல்லாவற்றுக்கும் முன், பதிவை அடித்தவருக்கே போட்டுக் காட்டுங்கள். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “இது என் தப்புத்தான்” என்று அவர் ஒத்துக்கொண்டால், பதிவில் தப்பில்லை.