கண்ணுக்குத் தெரியாத புகை



செம்பனை ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புகைபோக்கியில் கரும்புகை கிளம்பினால் பாய்லர் அறையில் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். காற்று போதவில்லை, நார் பாதி எரிந்தும் எரியாமலும் கரியாகப் பறக்கிறது. கொடியில் காயப்போட்ட வெள்ளைத் துணியே அதற்குச் சாட்சி! தாய்மார்கள் போடும் சத்தம் பாய்லர்காரர் காதுக்கு எட்டுவதற்குள் அவரே காற்றைக் கொஞ்சம் கூட்டி விடுவார்.

சரி, புகையே இல்லாமல் போனால்? நன்றாக எரிகிறது என்று நாம் நிம்மதி அடைகிறோம். அங்கேதான் ஏமாந்து போகிறோம். தேவைக்கு மேல் காற்றைத் தள்ளினாலும் புகை வராது. ஆனால் அந்த உபரிக் காற்று உலையிலுள்ள சூட்டை அள்ளிக்கொண்டு புகைபோக்கி வழியே வானத்துக்குப் போய்விடும். கரும்புகையில் போகும் நஷ்டம் கண்ணுக்குத் தெரிகிறது. தெளிந்த காற்றில் போகும் நஷ்டம் யாருக்கும் தெரிவதில்லை. இந்தத் தெரியாத நஷ்டத்தைப் பிடிக்கும் ஒரு வேலையைப் பற்றித்தான் இம்முறை எழுதப் போகிறேன்.

நான் எழுதுவது சிங்கப்பூரின் மேற்குக் கோடியிலுள்ள பூன் லேயிலிருந்து. இந்த ஊருக்குப் பெயர் தந்த சியூ பூன் லே என்ற சீன வணிகர், ஜூரோங் பக்கம் கேம்பியரும் மிளகும், பிறகு ரப்பரும் போட்டவர். ஆம், உங்கள் ஊரைப் போலவே இதுவும் ஒரு காலத்தில் பால்மரக் காடுதான். 1960களில் ஜூரோங்கில் தொழிற்சாலைகள் வந்தன. 1990இல் பூன் லேக்கு ரயில் வந்தது. இன்று இங்கே வந்து ‘பவர்’ என்று கேட்டால் பலர் உங்களுக்குக் காட்டுவது மின்சாரத்தை அல்ல, அங்காடியிலுள்ள புகழ்பெற்ற ‘பவர் நாசி லெமாக்’ கடையைத்தான்!

நிஜமான பவர் இருப்பது தெற்கே, கடலுக்குள். ஏழு தீவுகளை மண் கொட்டி இணைத்து 2000ஆம் ஆண்டில் திறந்துவைத்த ஜூரோங் தீவில். அனுமதிச் சீட்டு இல்லாமல் அதற்குள் கால் வைக்க முடியாது. சிங்கப்பூரின் பெரிய மின்நிலையங்களில் பல அங்கேதான் இருக்கின்றன. இன்னொன்று மேற்கே துவாஸில். இவற்றில் வேலை செய்பவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு.

செம்பனை ஆலைக்கும் இந்த நிலையங்களுக்கும் வேலையில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆலையில் நாரையும் கொட்டை ஓட்டையும் எரிக்கிறார்கள். நீராவி டர்பைனைச் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது. சுற்றி முடித்த நீராவி வீணாவதில்லை. குலைகளை அவிக்கப் போகிறது. ஜூரோங் தீவிலும் சில நிலையங்கள் மின்சாரம் எடுத்த பிறகு நீராவியைப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு விற்கின்றன. வித்தியாசம் எரிபொருளில்தான். ஆலைக்கு நார் ஓசியில் கிடைக்கிறது. அதனால் அதற்கு யாரும் கணக்கு எழுதியதில்லை. சிங்கப்பூருக்கோ சொந்தமாக எரிக்க எதுவும் இல்லை. இங்கே உற்பத்தியாகும் மின்சாரத்தில் 100க்கு 95 பங்கு அளவுக்கு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் குழாயில் வருவது ஒரு பகுதி. 2013 முதல் குளிரவைத்துத் திரவமாக்கிக் கப்பலில் வருவது மறு பகுதி. எல்லாம் காசு கொடுத்து வாங்குவது.

வாங்குவதில் எவ்வளவு தேறுகிறது? எண்ணெய் எரித்து நீராவி மட்டும் சுற்றிய பழைய நிலையங்களில் 100 வெள்ளிக்கு எரித்தால் 35, 38 வெள்ளிக்குத்தான் மின்சாரம் கிடைக்கும். இப்போதுள்ள யந்திரங்கள் எரிவாயுவை விமான யந்திரம் போன்ற டர்பைனில் முதலில் எரிக்கின்றன. அதன் வால் பக்கம் ஏறக்குறைய 600 டிகிரிச் சூட்டில் வரும் புகையைக் கொண்டு நீராவி காய்ச்சி, இரண்டாவது டர்பைனையும் சுற்றுகின்றன. இதனால் பாதிக்குப் பாதி, நல்ல யந்திரமென்றால் அதற்கு மேலும் தேறும்.

அந்தப் பாதியும் நாளாக ஆகக் கரையும். காற்றை உள்ளிழுத்து அழுத்தும் இறக்கைகளில் கடல் உப்பும் தூசியும் படியும். நீராவியை மறுபடி நீராக்கும் குழாய்களில் கடல் நீரோடு வரும் சிப்பியும் பாசியும் ஒட்டும். எங்கோ ஒரு வால்வு இறுக மூடாமல் நீராவியைக் கசியவிடும். ஒவ்வொன்றும் அரைப் பங்கு, கால் பங்கு. யந்திரம் நிற்காது, மணி அடிக்காது, விளக்கு மங்காது. எரிவாயு மட்டும் கொஞ்சம் அதிகமாகப் போகும்.

எரிவாயு அளக்கும் மீட்டர் இருக்கிறதே, பார்த்தால் தெரியாதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இதற்குப் பால்வெட்டுத்தான் நல்ல பதில்.

வெட்டுக்காரர் ஒருவர் இந்த மாதம் கொண்டு வந்த பால் குறைந்து போய்விட்டது. கிராணி தராசைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளிக்கிறார். ஆனால் அது இலையுதிர் காலமா? விடியற்காலை மழையா? கிழட்டு மரங்களா? அல்லது கத்தி பிடித்ததில்தான் குறையா? தராசு எடையைத்தான் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. இலையுதிர் காலத்துப் பாலை நல்ல காலத்துப் பாலோடு ஒப்பிட்டுத் திட்டினால் அது அநியாயம் அல்லவா? இந்த மரத்தில், இந்தப் பருவத்தில், இந்த மழையில் எவ்வளவு பால் வந்திருக்க வேண்டும் என்று முதலில் தெரிய வேண்டும். பிறகுதான் குறையைப் பேசலாம்.

மின்நிலையமும் அப்படித்தான். வெயில் ஏறினால் காற்று இலேசாகிவிடும், டர்பைனின் பலம் இறங்கும். பாதி வேகத்தில் ஓடினால் ஒரு யூனிட்டுக்கு எரிவாயு கூடுதலாகவே பிடிக்கும். நேற்றைய கணக்கும் இன்றைய கணக்கும் ஒத்துப்போகாததற்கு இப்படி ஆயிரம் நியாயமான காரணங்கள். அவற்றுக்கு அடியில் அழுக்கு ஒளிந்துகொள்கிறது.

கண்காணிப்பு மென்பொருள் செய்வது இதைத்தான். யந்திரம் நெடுகப் பதித்திருக்கும் உணர்கருவிகள் சூடு, அழுத்தம், ஓட்டம் எல்லாவற்றையும் ஓயாமல் அனுப்புகின்றன. இன்றைய வெப்பத்தில், இந்த வேகத்தில், சுத்தமான யந்திரம் எவ்வளவு எரித்திருக்கும் என்று கணினி கணக்குப் போடுகிறது. எரித்தது எவ்வளவு என்பதைப் பக்கத்தில் வைக்கிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளிதான் நஷ்டம். அதில் காற்றழுத்தும் பகுதியின் பங்கு எவ்வளவு, குளிர்க் குழாயின் பங்கு எவ்வளவு என்று பிரித்து, மணிக்கு இத்தனை வெள்ளி என்று திரையில் காட்டும். இறக்கைகளைக் கழுவ யந்திரத்தை நிறுத்தினால் அந்த நேரத்து விற்பனை போய்விடும். கழுவாமல் விட்டால் எரிவாயு போய்க்கொண்டே இருக்கும். எந்த நாளில் கழுவினால் லாபம் என்பதைக் குத்துமதிப்பாகச் சொல்லாமல் கணக்காகச் சொல்ல முடிகிறது.

ஒரு பங்கு மிச்சப்பட்டால் என்ன வந்துவிடும் என்று நினைக்கிறீர்களா? போட்டுப் பார்ப்போம். 400 மெகாவாட் யந்திரம் ஒன்று முழு வேகத்தில் ஓடுகிறது. எரிப்பதில் பாதி மின்சாரமாகிறது என்று வையுங்கள். மணிக்கு ஏறக்குறைய 160 டன் கரியமிலவாயு வெளியே போகும். எரிவாயுவில் 100க்கு ஒரு பங்கு குறைந்தால் 1.6 டன் குறையும். சிங்கப்பூரில் 2019 முதல் கரிம வரி இருக்கிறது. டன்னுக்கு 5 வெள்ளியாகத் தொடங்கி, 2024இல் 25 ஆகி, 2026க்கும் 2027க்கும் 45 வெள்ளி என்று வைத்திருக்கிறார்கள். 45 என்றால் மணிக்கு 72 வெள்ளி. வருடம் முழுதும் அப்படியே ஓடினால் ஆறு இலட்சம் வெள்ளிக்கு மேல். இது வரி மட்டும். எரிவாயுவின் விலை தனி.

அந்த விலையின் கதையை 2021இல் பூன் லே வீடுகளும் பார்த்தன. உலகச் சந்தையில் எரிவாயு விலை ஏறியதும், நிலையான விலைக்கு மின்சாரம் தருவதாக ஒப்பந்தம் போட்டிருந்த பல சில்லறை மின்விற்பனை நிறுவனங்கள் தாக்குப்பிடிக்க முடியாமல் கடையை மூடின.

இந்தக் கணக்கு எரிவாயுவுக்கு மட்டும் உரியதல்ல. இந்தியாவில் நிலக்கரி எரிக்கும் தேசிய அனல்மின் கழகம், அமெரிக்க உதவியோடு 1994இலேயே இதற்கென்று ஒரு மையம் தொடங்கியது. 2012இல் இந்திய அரசு பெரிய ஆலைகளுக்கும் அனல்மின் நிலையங்களுக்கும், இவ்வளவுக்குள் எரித்தாக வேண்டும் என்று ஆளுக்கொரு வரம்பு போட்டது. வரம்புக்கும் கீழே மிச்சம் பிடித்தவர் சான்றிதழ் பெற்று விற்கலாம். தவறியவர் காசு கொடுத்து அதை வாங்க வேண்டும். மிச்சம் பிடிப்பதற்கே ஒரு சந்தை!

இனி, விற்பனைக்காரர்கள் அடக்கி வாசிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். கணினி பொய் சொல்லாது. ஆனால் பொய்யைக் கேட்டால் அப்படியே நம்பிவிடும். நாட்பட்ட வெப்பமானி இரண்டு டிகிரி கூட்டிக் காட்டினால், கணினி இல்லாத நஷ்டத்தைக் கண்டுபிடிக்கும், அல்லது இருக்கும் நஷ்டத்தை மறைக்கும். உணர்கருவிகளைக் கழற்றி, சரியான அளவோடு ஒப்பிட்டு, திருத்தி மாட்ட ஆள் வேண்டும். திரையில் வந்த எண்ணைப் பார்த்து, ‘குழாயில் அழுக்கு இல்லை, இது மீட்டரின் கோளாறு’ என்று சொல்லக்கூடிய அனுபவஸ்தர் வேண்டும். மென்பொருளை வாங்கிப் போட்டுவிட்டு அந்த இரண்டு பேரையும் குறைத்தால், போட்ட காசு வீண்தான். தொழில்நுட்பக் கல்லூரியில் எதைப் படிப்பது என்று தடுமாறும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், இந்த அளவுக்கருவிப் படிப்பையும் அவர்கள் காதில் போட்டு வையுங்கள்.

இன்னொன்றும் உண்டு. எந்த ஷிப்ட்டில் எவ்வளவு எரிந்தது என்பதையும் இந்தத் திரை காட்டும். அதைக் கையில் வைத்துக்கொண்டு இரவு ஷிப்ட்காரரைக் கூப்பிட்டுத் திட்டத் தொடங்கினால் என்ன நடக்கும்? தராசைக் கண்டு பயந்தவர்கள் என்னென்ன செய்வார்கள் என்பது தோட்டத்தில் வளர்ந்த உங்களுக்குத் தெரியாததா? எண் நல்லதாகத் தெரிவதற்கு வழி கண்டுபிடிப்பார்கள், எரிவாயு மிச்சமாகாது. மழைக்கும் இலையுதிர்வுக்கும் தள்ளுபடி கொடுத்துப் பார்க்கும் அந்த நியாயம் கணினிக்குள் இருக்கிறது. அதிகாரியிடமும் இருந்தால்தான், தொழிலாளி தானாக வந்து ‘இந்த வால்வு இரண்டு வாரமாகச் சுடுகிறது’ என்று சொல்லுவார். கசிவைக் கண்டுபிடிக்க அதைவிட மலிவான வழி கிடையாது.

ஜூரோங் தீவில் நடப்பதற்கும் நமக்கும் என்ன என்று நினைக்காதீர்கள். அந்தத் தீவில் 2013இல் திறந்த தெம்புசு நிலையம், நிலக்கரியோடு செம்பனைக் கொட்டை ஓட்டையும் சேர்த்து எரிக்கக் கட்டப்பட்டது. ஜப்பானுக்கும் இந்த ஓடு கப்பல் ஏறுகிறது. ஓசியாகக் கிடந்த ஓட்டுக்கு இப்போது விலை உண்டு! ஆலை பாய்லரில் எரியாமல் மிஞ்சும் ஒவ்வொரு டன்னும் லாரி ஏறும். அதனால் கணக்கு எழுதும் கணினி உங்கள் ஆலைக்கும் வரும். புகைபோக்கியில் மிஞ்சியிருக்கும் ஆக்சிஜனை அளக்கும் சிறு கருவி ஒன்று முதலில் வரலாம். கண்ணுக்குத் தெரியாத அந்த உபரிக் காற்றைப் பிடிப்பது அதுதான். வந்தால், அதைக் கழற்றித் துடைத்துச் சரிபார்ப்பது யார் பொறுப்பு, எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பதை முதல் நாளே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் உங்கள் பாய்லர்காரரை.